‘இழப்பு ஏதுமில்லை’ என்று எழுதினேன்

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த மொழிப் பயிற்சி மையத்திலிருந்து போன மாதம் ஒரு அழைப்பு வந்தது. இனிமேல் அச்சுப் புத்தகங்கள் வாங்கப் போவதில்லையாம். மாணவர்கள் எல்லோருக்கும் கைபேசியில் ஒரு செயலி போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். வாங்குவதற்கு முன்னால் அதை மதிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் இடத்தில் இப்போது இருக்கும் பெண், “சார், நீங்க ஒரு படிவம் வெச்சிருந்தீங்களாமே, அத எப்படி நிரப்பணும்னு கொஞ்சம் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டார். படிவத்தை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். நிரப்பும் முறையை எழுத உட்கார்ந்தபோது, அதன் கடைசிக் கட்டத்தில் நான் ஒருமுறை எழுதிய வரியைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது பொய்யாகும் என்று தோன்றியது. ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. ஜப்பானிய மொழி கற்பிக்கும் புத்தகங்கள், ஒலிப்பதிவுகள், சொல்லட்டைகள், மாதிரித் தேர்வுத் தாள்கள் என்று எது வந்தாலும் வாங்குவதற்கு முன் அதைப் படித்து, கேட்டு, மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. வேலந்தாவளத்தில் என் மாமனார் முறையுள்ள ஒருவர், “ஏனுங்க மாப்ள, சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பாக்கற மாதிரி புஸ்தகத்துக்குப் பாக்கறீங்களாக்கும்?” என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தானுங்க என்றேன்.

மொழி எனக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை. கஞ்சிக்கோட்டில் ஜப்பானியக் கூட்டோடு ஓடிய ஒரு ஆலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். உதிரிபாகப் பெட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் பெட்டியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது தெரியும் என்பதற்காகப் படிக்க ஆரம்பித்தேன். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூர் வகுப்பு. வந்து போன எஞ்சினியர்களோடு பேச்சு. வினைச்சொல் கடைசியில் வரும் மொழி, மரியாதைக்கு ஒரு வால் ஒட்டிப் பேசும் மொழி, நம் ஆட்களுக்கு அது கடினமே இல்லை. இருபது வருடத்தில் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கும் அளவுக்கு வந்தேன். கூட்டு முறிந்து ஆலையை மூடியபோது, நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இந்தப் பயிற்சி மையம் தொடங்கியிருந்தது. ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்களைத் தயார் செய்யும் இடம். பெரும்பாலும் நர்சிங் படித்த பெண்கள். பாலக்காட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்தார்கள். இடுக்கி எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்தார்கள்.

அங்கே பாடப்பிரிவின் தலைவியாக இருந்தவர் ஜமீலா மேடம். பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பம். கணவரோடு பன்னிரண்டு வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு, அவர் இறந்த பிறகு திரும்பி வந்தவர். பருத்திச் சேலை, தலையில் முக்காடு, கையில் எப்போதும் கூராகச் சீவிய பென்சில். சத்தமாகப் பேச மாட்டார். முதல் நாள் ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தார். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

“முன்னாலேர்ந்து திறக்காதீங்க ரங்கசாமி. மொதப் பக்கத்த எல்லாரும் நல்லாத்தான் போடுவாங்க.”

கடைசிப் பக்கத்தில்தான் ஜப்பானியப் புத்தகங்களில் பதிப்பு விவரம் இருக்கும். எத்தனையாவது பதிப்பு, எத்தனையாவது அச்சு. பலமுறை அச்சாகியும் ஒருமுறைகூடத் திருத்தப்படாத புத்தகம் என்றால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். அடுத்து நடுவிலிருந்து ஒரு பாடம். அதன் பயிற்சிகள் முழுவதையும் நானே எழுதி, பின்னால் இருக்கும் விடைகளோடு ஒப்பிட வேண்டும். விடைகளில் ஒரு தவறு இருந்தால் இன்னொரு பாடம். அதிலும் இருந்தால் புத்தகம் திரும்பிப் போகும்.

ஒலிப்பதிவை அவர் கேட்கும் விதம் தனி. அலுவலக அறையில் கேட்க மாட்டார். வகுப்பறையில், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, சாலைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, லாரிகள் போகும் சத்தத்தில் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ணுவார். எத்தனை குரல்கள், அதில் வயதானவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அது. “எல்லாம் ரேடியோக் குரல். நம்ம பிள்ளைங்க ரேடியோவையா குளிப்பாட்டப் போறாங்க?” என்று ஒருமுறை ஒரு முழு வரிசையையே திருப்பி அனுப்பினார்.

இன்னொரு முறை, பெரிய நகரத்திலிருந்து ஒரு விற்பனையாளர் பார்வைப் பிரதிகள் கொண்டுவந்தார். அட்டை பளபளப்பாக இருந்தது. மேடம் ஒரு பக்கத்தை விளக்கின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். ஜப்பானிய எழுத்தில் ‘க’ என்பதும், அதையே அழுத்திச் சொல்லும் எழுத்தும் ஒரே வடிவம்தான். மேலே இரண்டு சின்னக் கோடு இருந்தால் அழுத்தம். அந்தப் புத்தகத்தில் பாதி இடங்களில் அந்தக் கோடுகளைக் காணோம். யாரோ மூலத்தை நகலெடுத்து, நகலை நகலெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். விற்பனையாளர், “சின்னக் கோடுதானே மேடம், டீச்சர் சொல்லிக் குடுத்தாப் போச்சு” என்றார். மேடம் புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினார். “டீச்சர் கூடவே வர மாட்டாங்க. புஸ்தகம்தான் கூடப் போகும்.”

கடைசியாக மாணவர் சோதனை. நன்றாகப் படிக்கும் ஒருவர், சுமாரான ஒருவர், திணறும் ஒருவர். மூன்று பேரிடமும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் விளக்காமல் அரைமணி நேரம் எதிரே உட்கார வேண்டும். அவர்கள் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் படிவம். நான்கு பக்கம். அதன் கடைசிக் கட்டத்தில் அவர் கையாலேயே எழுதி அச்சடித்த ஒரு கேள்வி இருக்கும்: ‘இது இல்லாவிட்டால் மாணவர் எதை இழப்பார்?’ அந்தக் கட்டத்தை மட்டும் ஒற்றைச் சொல்லில் நிரப்பக் கூடாது, முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பது விதி.

ஒன்பது வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒருநாள் புதிய பதிவு ஒன்றை வழக்கம்போல் விசிறிக்கடியில் கேட்டுக்கொண்டிருந்தோம். முடிந்ததும், “ரெண்டு குரல்தான். மூணாவது ஆள் பேசவே இல்லையே?” என்றார். மூன்றாவது ஆள் பேசியிருந்தார். ஒரு கிழவரின் மெல்லிய குரல். நான் தயங்கினேன். தயக்கத்தைப் பார்த்தவர், மறுபடி போடச் சொன்னார். ஜன்னலை மூடினார். விசிறியை நிறுத்தினார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறை முடிந்ததும் என் முகத்தையே பார்த்தார். “பேசறாரா?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டார். படிவத்தில் கையெழுத்துப் போடுவதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். “கேக்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?” என்றாராம். அன்றிலிருந்து கையெழுத்து என்னுடையதாயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்துத்தான், நான் தொடக்கத்தில் சொன்ன வரிக்குக் காரணமான புத்தகம் வந்தது. பராமரிப்புப் பணிக்கான பாடநூல். முதன்மை நூல் ஒன்று, கேட்டல் துணைநூல் ஒன்று. முதன்மை நூலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணைநூல் விசித்திரமாக இருந்தது. ஜப்பானின் நான்கு பகுதிகளைச் சேர்ந்த முதியவர்கள் பேசியதை அப்படியே பதிவு செய்திருந்தார்கள். பல் இல்லாத வாய்கள், இருமல், பாதியில் நின்றுபோகும் வாக்கியங்கள், வட்டார வழக்கு. மொத்தம் பன்னிரண்டு பதிவுகள்.

அந்தச் சமயத்தில் மையத்தில் நெருக்கடி. ஆறு மாதத்தில் ஒரு பெரிய குழு தேர்வு எழுத வேண்டும். இயக்குநர் நல்ல மனிதர்தான், ஒற்றப்பாலத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். துணைநூலைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ரங்கசாமி, இது பரீட்சைக்கு வருமோ?”

வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முறைப்படி மாணவர் சோதனைக்கு மூன்று பேரை உட்கார வைத்தேன். அதில் சுமாரானவள் என்று நான் தேர்ந்தெடுத்தவள் முத்துக்கனி. மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா மாடத்தி கொழுந்து பறிப்பவர், ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம் இருந்தது. வேலை முடிந்தால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் சொந்தமாக நாலு சுவர் எழுப்ப வேண்டும் என்பதற்காக மகள் ஜப்பான் போக வந்திருந்தாள். மனப்பாடம் வராது. ஆனால் எதையும் கூர்ந்து கேட்பாள்.

முதல் பதிவைப் போட்டேன். மூன்று பேர் முகமும் வெளிறியது. இரண்டாவது பதிவில் நன்றாகப் படிக்கும் பெண் பேனாவை வைத்துவிட்டாள். மூன்றாவதில் திணறும் பெண்ணுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்து மாதம் படித்ததில் ஒரு வார்த்தைகூட அந்தக் கிழவர்கள் வாயில் இல்லை. நான் பதிவை நிறுத்தினேன்.

முத்துக்கனி மட்டும் கேட்டாள். “சார், அங்க உள்ள பெரியவுக நெசமாவே இப்படித்தான் பேசுவாகளா?”

“சில ஊர்ல பேசுவாங்க கண்ணு.”

“அப்பம் நாங்க இதத்தான சார் படிக்கணும்?”

“இது பரீட்சைக்கு வராது. அங்க போனா நாலு மாசத்துல தன்னால வந்துரும்.”

அவள் மறுபடி கேட்கவில்லை. மூன்று பேரும் வகுப்புக்குப் போனார்கள். நான் படிவத்தை எடுத்தேன். முதன்மை நூல் மட்டும் வாங்கலாம், துணைநூல் தேவையில்லை, மாணவர்களின் தன்னம்பிக்கையைக் குலைக்கிறது என்று எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். முழு வாக்கியமாக எழுத வேண்டுமல்லவா. ‘தேர்வு நோக்கில் மாணவருக்கு இழப்பு ஏதுமில்லை’ என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். என்மேல் யாரும் அழுத்தம் கொடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இயக்குநர் ஒரு கேள்விதான் கேட்டார். பன்னிரண்டு பதிவுகளில் மூன்றைக் கேட்டுவிட்டு நிறுத்தியது நான்.

முத்துக்கனி தேர்வில் தேறினாள். நகோயாவுக்கு வடக்கே மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் புறப்பட்ட அன்று மாடத்தியம்மாள் மூணாறிலிருந்து பஸ் ஏறி வந்து, மையத்தின் மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்.

ஆறு மாதமோ ஏழு மாதமோ கழித்து, ஒரு காலையில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். முத்துக்கனி இருந்த இல்லத்திலிருந்து, அவள் தொடர்பாக, ஜப்பானிய மொழியில் மூன்று பக்க அறிக்கை மின்னஞ்சலில் வந்திருந்தது. கோப்பில் வைக்க மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். என் மேசைக்குக் கொண்டுபோய் வரிவரியாக எழுத ஆரம்பித்தேன். அலுவலக நடை. மனிதர்களுக்குப் பெயர் இல்லை. இல்லத்தில் வசிப்பவர், பணியாளர், குடும்பத்தினர் என்றுதான் இருந்தது.

‘மதிய உணவுக்குப் பின் ஓய்வு நேரத்தில், வசிப்பவர் பலமுறை “எராய்” என்று கூறியுள்ளார். அருகில் இருந்த பணியாளர் ஒவ்வொரு முறையும் புன்னகையுடன் நன்றி தெரிவித்துள்ளார்.’

அந்த வரியில் என் பேனா நின்றது.

பொது ஜப்பானிய மொழியில் எராய் என்றால் மேன்மையானவர், சமர்த்து. பெரியவர்கள் சின்னவர்களைப் பார்த்துச் சொன்னால் ‘கெட்டிக்காரி’ என்று பொருள். நாங்கள் வாங்கிய முதன்மை நூலில் அதற்குப் படமே இருக்கிறது. நாற்காலியில் ஒரு தாத்தா, எதிரே தட்டு ஏந்திய பெண், தாத்தா சிரித்துக்கொண்டு ‘எராய்’ என்கிறார். ஆனால் நகோயாவைச் சுற்றிய பகுதிகளிலும் இன்னும் சில இடங்களிலும் அதே சொல்லுக்கு வேறு அர்த்தம். உடம்பு முடியவில்லை, தாங்க முடியவில்லை.

இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆலையில் அந்தப் பக்கத்து எஞ்சினியர் ஒருவர் இருந்தார், பருத்த உடம்பு. இரும்புப் படிகளில் ஏறி ஸ்டோருக்கு வரும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்து ‘எராய், எராய்’ என்று மூச்சு வாங்குவார். நான் நாற்காலியை நகர்த்திப் போடுவேன். ஒருமுறைகூட அர்த்தம் கேட்டதில்லை, கேட்காமலே புரிந்தது. அவ்வளவு வருடம் கழித்து ஒரு தாளில் அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரியும் என்பதே ஞாபகம் வந்தது.

மீதியை மொழிபெயர்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அறைக்கு வந்த செவிலி நிலைமையை உணர்ந்து ஆம்புலன்ஸை அழைத்திருக்கிறார். இதயம். இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் காலமானார். முன்னதாகத் தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியும் என்று சொல்ல இயலாது என்று மருத்துவர் கருத்து. பணியாளர் மேல் நடவடிக்கை இல்லை. வருங்காலத்தில் அனுப்பப்படுபவர்களுக்கு வட்டாரப் பேச்சில் பயிற்சி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இயக்குநர் மூன்று பக்கத்தையும் படித்தார். பிறகு, “நம்ம புஸ்தகத்துல இல்லாத வாக்கோ இது?” என்றார்.

“இருக்குதுங்க சார். வேற அர்த்தத்துல இருக்குது.”

நிராகரித்த பார்வைப் பிரதிகளை ஒரு இரும்பு அலமாரியில் போட்டு வைப்பது வழக்கம். அன்று மதியம் சாப்பிடாமல் அந்தத் துணைநூலைத் தேடி எடுத்தேன். ஒன்பதாவது பதிவு. ஒரு கிழவியின் குரல், ‘எராய்... எராய்...’ என்று. ஒரு இடைவெளி. பிறகு ஒரு பெண் குரல், எங்கே வலிக்கிறது என்று கேட்கிறது. புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்: ‘இந்தப் பகுதியில் இது பாராட்டுச் சொல் அல்ல. உடனே அருகில் சென்று பார்க்கவும்.’

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக்கு ஜமீலா மேடம் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் காது அநேகமாக முழுவதும் போயிருந்தது. நடந்ததை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“எத்தன பதிவு கேட்டீங்க?”

மூன்று விரலைக் காட்டினேன்.

“மொத்தம்?”

பன்னிரண்டு என்று எழுதினேன். அவர் என் பேனாவை வாங்கி, மூடியைத் திருகி, திருப்பிக் கொடுத்தார். “சாயா ஆறிப்போகுது” என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பும் வழக்கம் அவருக்கு உண்டு. அன்றைக்கு வரவில்லை.

அடுத்த குழுவுக்கு அந்தத் துணைநூலை வாங்கினோம். இயக்குநர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைகளில் நானே வகுப்பு எடுத்தேன். தேர்வுக்கு வராத பாடம் என்று மாணவர்களுக்குத் தெரிந்ததும் சனிக்கிழமைகளில் நிறையப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. கதையைச் சொல்லிப் பயமுறுத்தலாம் என்று தோன்றும். முத்துக்கனியின் பெயரை அதற்குப் பயன்படுத்த மனம் வரவில்லை.

அவள் ஒப்பந்தம் முடியும் முன்பே திரும்பி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அம்மாவும் ஓய்வுபெற்று லயத்தைக் காலி செய்துவிட்டு, காந்தலூரில் உறவினர் தோட்டத்தை ஒட்டி வாடகைக்கு இருக்கிறார்களாம். நான் ஓய்வுபெற்ற மறுவாரம் கிளம்பிப் போனேன். உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, மறையூரில் ஜீப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. சாரல். வாசலில் தார்ப்பாயைக் கட்டி அதன் கீழ் பூண்டு கொட்டி வைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்து தாள் உரித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை என்று மாடத்தியம்மாள் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார்.

“ஒடம்புக்கு முடியாமத் திரும்பிட்டேன்னு அம்மாட்ட சொல்லியிருக்கேன் சார்” என்றாள் முத்துக்கனி, தாழ்ந்த குரலில். எனக்கு எல்லாம் தெரியும் என்பதை அவளே ஊகித்திருந்தாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. “அன்னைக்கு அந்தப் பதிவுகளக் கேட்டுட்டு நீ ஒண்ணு கேட்ட கண்ணு. ஞாபகம் இருக்குதா?”

“இருக்கு சார்.”

“வேண்டாம்னு எழுதுனது நாந்தான். அதுல அந்தச் சொல் இருந்துச்சு. ஒன்பதாவதுல. நான் மூணோட நிறுத்திட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. ஒரு பூண்டை உரித்து முடித்து, அதைப் பெரியவற்றோடு போட்டாள்.

“அந்தப் பெரியவுக நல்ல மனுசன் சார். எம் பேரு அவுகளுக்கு வராது. முத்சு, முத்சும்பாக. அன்னைக்கு மத்தியானம் மொகத்துல சிரிப்பு இல்ல. அது எனக்குத் தெரிஞ்சுது. ஆனா வாயில வந்த வார்த்த கெட்டிக்காரிங்குது. நான் மொகத்த விட்டுட்டு வார்த்தைய நம்பிட்டேன்.”

என் காலடிக்கு உருண்டு வந்த ஒரு பூண்டை எடுத்துக் குவியலில் போட்டேன்.

“அவுக மக வந்தாக. சத்தமே போடல. அப்பா அப்படிச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டாக. நன்றி சொன்னேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் நின்னாக. அப்புறம் எனக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டாக.”

“டாக்டரே சொல்லியிருக்காரும்மா, முன்னாலயே தெரிஞ்சிருந்தாலும்...”

“அது தெரியும் சார். எனக்கு அது இல்ல.” அவள் முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். “அங்க போயி ஆறு மாசம் ஆயிருந்துச்சு. அதுக்குள்ள வேற யாரும் எங்கிட்ட அந்த வார்த்தையச் சொல்லாமலா இருந்திருப்பாக? சொல்லியிருப்பாக. நான் சிரிச்சுக்கிட்டே நன்றின்னுட்டுப் போயிருப்பேன். அது யாரு யாருன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

மாடத்தியம்மாள் டீயோடு வந்தார். “நல்லாச் சொல்லுங்க சார் இவகிட்ட. ஊருக்கு வந்ததுலேருந்து எதச் சொன்னாலும் திருப்பிக் கேக்கா. சோறு போதும்னா, வயிறு நெறஞ்சிட்டா, இல்ல பிடிக்கலியாங்கா. சும்மா இருக்கேன்னா, சும்மான்னா என்னம்மாங்கா. நான் இவளுக்கு எந்த பாசையில பேச?” என்று சொல்லிச் சிரித்தார். முத்துக்கனி சிரிக்கவில்லை.

டீ குடித்து முடித்தேன். புறப்படும்போது அந்த அம்மாள் ஒரு பையில் பூண்டு கட்டிக் கொடுத்தார். “நீங்கள்லாம் சொல்லிக் குடுக்கப் போயித்தான் எம்மவ அம்புட்டுத் தூரம் போயி வந்தா. எஸ்டேட்ல யாரு பிள்ளை போயிருக்கு? நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று கை கூப்பினார். வாய்வரை வந்துவிட்டது எனக்கு, இல்லைம்மா, அப்படியில்லை என்று. அவருக்குப் பின்னால் நின்றிருந்த முத்துக்கனி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தாள். பையை வாங்கிக்கொண்டேன்.

ஜீப் நிற்கும் இடம்வரை அவள் கூடவே வந்தாள். சாரல் நிற்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பும் சமயம், கிளம்புகிற யாரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

“வரட்டுமா? பாத்துக்க கண்ணு.”

அவள் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கேலியில்லை, கோபமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

“எதப் பாக்கணும் சார்?”

டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.